வேலையிலிருந்து பல் மருத்துவக் கல்லூரிக்கு: அமெரிக்காவில் காலந்தாழ்ந்து விண்ணப்பிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரி முடித்த கையோடு விண்ணப்பிக்காமல், வேறொரு துறையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, முப்பது வயதையொட்டியோ அதைத் தாண்டியோ பல் மருத்துவம் படிக்க வருபவரை அமெரிக்கக் கல்லூரிகள் ‘நான்-டிரெடிஷனல்’ (வழக்கமான வழியில் வராத) மாணவர் என்று குறிப்பிடுகின்றன. நானும் அப்படி வந்தவள்தான். தமிழ்நாட்டில் இயந்திரப் பொறியியல் படித்து, சென்னையில் ஏழாண்டுகள் மென்பொருள் சோதனைப் பணியில் இருந்து, திருமணத்துக்குப் பின் அமெரிக்காவுக்கு வந்து, 36ஆம் வயதில் பல் மருத்துவ வகுப்பின் முதல் நாளில் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்களின் நடுவே உட்கார்ந்தேன். அன்று முதல் இன்றுவரை அறிந்தவர்களும் அறியாதவர்களும் என்னிடம் கேட்டவற்றைத் தொகுத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்த அளவில் இங்கே பதிலளித்திருக்கிறேன்.

எனக்கு 35 வயதாகிவிட்டது. வயதைக் காரணம் காட்டி நிராகரிப்பார்களா?

மாட்டார்கள். விண்ணப்பிக்க மேல்வயது வரம்பு எதுவும் இல்லை. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் வயதைக் கொண்டு பாகுபாடு காட்டுவதை 1975ஆம் ஆண்டின் வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் தடுக்கிறது. வயது வேறொரு வகையில் குறுக்கிடுகிறது: படிப்பு முடியும்போது உங்களுக்கு என்ன வயதாகியிருக்கும், வாங்கிய கடனை அடைக்க எத்தனை ஆண்டுகள் மிஞ்சும், நாளெல்லாம் குனிந்து வேலை செய்யக் கழுத்தும் முதுகும் இடம் கொடுக்குமா என்பவற்றைக் கல்லூரி கேட்காது. அவற்றை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் இந்தியாவில் பி.டி.எஸ். முடித்தவர். இந்தப் பக்கம் எனக்கும் பொருந்துமா?

பொருந்தாது. பல் மருத்துவப் பட்டம் பெற்று வந்தவர்களுக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகளில் முடியும் தனிப் படிப்புகள் உள்ளன; அவற்றுக்குக் ‘காப்பிட்’ என்ற தனி விண்ணப்ப முறையும் ஐ.என்.பி.டி.ஈ. என்ற தேசியப் பல் மருத்துவ உரிமத் தேர்வும் உண்டு. கீழே வருபவை, பல் மருத்துவத்தை முதலிலிருந்து நான்காண்டுகள் படிக்க விரும்புவோருக்கானவை.

பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தேன். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டேன். அதன் பிறகு பி.இ. இதை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க முடியுமா?

முடியும், ஆனால் இப்போதே முடியாது. இந்தியாவில் நீட் எழுத, பள்ளி மேல்நிலையில் என்ன படித்தீர்கள் என்று பார்ப்பதைப் போல இங்கே பார்ப்பதில்லை. இங்கே பார்ப்பது கல்லூரி அளவில் படித்த அறிவியல் பாடங்களைத்தான். ஏறத்தாழ எல்லாக் கல்லூரிகளும் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றில் தலா ஓராண்டு, ஆய்வகத்துடன், படித்திருக்க வேண்டும் என்கின்றன. பெரும்பாலானவை உயிர்வேதியியலையும் ஆங்கிலத்தையும் கேட்கின்றன. நுண்ணுயிரியலும் உடற்கூறியலும் படித்திருந்தால் நல்லது என்று சில சொல்கின்றன.

நாலாண்டு பி.இ. பட்டத்தை, வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் நிறுவனங்கள் பொதுவாக அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு நிகரானதாகவே ஏற்கின்றன. ஆகவே பட்டம் வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறிவிடும். சிக்கல் பாடங்களில் இருக்கிறது. முதலாம் ஆண்டில் நீங்கள் படித்த ‘இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி’, கொதிகலன் நீரைப் பற்றியும் எரிபொருளைப் பற்றியும் பேசிய பாடம். அதைப் பொது வேதியியலுக்கு ஈடாக ஒப்புக்கொள்ளும்படி கேட்பது வீண் முயற்சி. மேலும், சேர்க்கைக்கு முன் முடித்திருக்க வேண்டிய இந்த முன்தேவைப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ உள்ள கல்லூரியில்தான் படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் நிபந்தனை வைக்கின்றன. வட அமெரிக்காவில் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவைச் சொல்பவையும் உண்டு. ஆகவே எந்தப் பாடத்திலும் சேரும் முன், நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் எட்டுப் பத்துக் கல்லூரிகளின் சேர்க்கைப் பக்கங்களைப் படித்து, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு அவை என்ன சொல்கின்றன என்பதை ஓர் அட்டவணையாக எழுதிவையுங்கள். நான் இதை ஓராண்டு தாமதமாகச் செய்தேன். அதனால் எந்தக் கல்லூரியும் கேட்காத ஒரு பாடத்துக்கு ஒரு பருவக் கட்டணம் போயிற்று.

கம்யூனிட்டி காலேஜில் படித்தால் மதிப்புக் குறையுமா?

கம்யூனிட்டி காலேஜ் என்பது பெரும்பாலும் ஈராண்டுப் படிப்புகளை நடத்தும் உள்ளூர்க் கல்லூரி. பொது வேதியியலையும் அடிப்படை உயிரியலையும் அங்கே படிப்பதில் தவறில்லை. கட்டணம் குறைவு, வகுப்புகள் சிறியவை, மாலை வகுப்புகளும் உண்டு. எனினும் கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டுகளுக்கு உச்சவரம்பு வைக்கும் கல்லூரிகள் உண்டு. கரிம வேதியியலையும் உயிர்வேதியியலையும் நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் படித்திருப்பதை விரும்பும் கல்லூரிகளும் உண்டு. முதலாண்டை அங்கே படித்துவிட்டு, மேல்நிலைப் பாடங்களை அருகிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்பது பெரும்பாலோருக்கு ஒத்துவரும் வழி.

பொறியியலில் எனக்கு ஐந்தாறு அரியர்கள் இருந்தன. அவை என்னைக் கவிழ்த்துவிடுமா?

பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலான பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறையான ‘ஆட்சாஸ்’, வெளிநாட்டில் படித்த பாடங்களை ஜி.பி.ஏ. கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்காக அவை மறைந்துவிடுவதுமில்லை. டபிள்யூ.ஈ.எஸ்., ஈ.சி.ஈ. போன்ற நிறுவனங்கள் பாடவாரியாகத் தரும் மதிப்பீட்டு அறிக்கை கல்லூரிக்குப் போகும். அதைப் படிப்பவர் 19 வயதில் நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்பதைப் பார்ப்பார். ஆனால் 33 வயதில் எப்படிப் படித்தீர்கள் என்பதும் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

இந்தச் சலுகைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இங்கேயே 120 கிரெடிட் படித்த ஒருவர் நான்கு கிரெடிட் கொண்ட ஒரு பாடத்தில் ‘சி’ வாங்கி, மற்ற எல்லாவற்றிலும் ‘ஏ’ வாங்கியிருந்தால் அவருடைய ஜி.பி.ஏ. நான்குக்கு ஏறத்தாழ 3.93. நீங்கள் இங்கே படித்தது 50 கிரெடிட்தான் என்றால், அதே ஒரு ‘சி’ உங்களை 3.84க்கு இறக்கிவிடும். அந்தப் பாடத்தைத் திரும்பப் படித்து ‘ஏ’ வாங்கினாலும் ஆட்சாஸ் பழைய மதிப்பெண்ணை நீக்குவதில்லை. இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். எனவே முழுநேர வேலையில் இருந்துகொண்டே ஒரு பருவத்தில் மூன்று அறிவியல் பாடங்களை எடுக்காதீர்கள். இரண்டே போதும்.

மொத்தம் எத்தனை ஆண்டுகள் ஆகும்?

நாட்காட்டியைத் தீர்மானிப்பது வேதியியல். பொது வேதியியலின் இரண்டு பருவங்களை முடிக்காமல் கரிம வேதியியலில் சேர முடியாது; பெரும்பாலான இடங்களில் கரிம வேதியியலை முடிக்காமல் உயிர்வேதியியலில் சேர முடியாது. உயிரியலையும் இயற்பியலையும் இதன் பக்கவாட்டில் படித்துக்கொள்ளலாம். ஓர் எடுத்துக்காட்டு: 2026 ஆகஸ்டில் பொது வேதியியலைத் தொடங்கினால் 2028 மே மாதம் கரிம வேதியியல் முடியும். அந்தக் கோடையில் டி.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வை எழுதி விண்ணப்பித்து, உயிர்வேதியியலை அடுத்த பருவத்தில் படித்தால், 2029 கோடையில் பல் மருத்துவக் கல்லூரியில் சேரலாம். 2033இல் பட்டம் பெறலாம். கோடைப் பருவங்களைப் பயன்படுத்தினால் ஓராண்டைச் சேமிக்க இயலும். ஆனால் பத்து வாரத்தில் கரிம வேதியியலை முடிக்கலாம் என்று குழந்தை வைத்திருப்பவருக்கு நான் சொல்லத் துணியமாட்டேன்.

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள பசிபிக் பல்கலைக்கழகத்தின் டுகோனி பல் மருத்துவக் கல்லூரி, நான்காண்டுப் படிப்பை மூன்றே ஆண்டுகளில் நடத்துகிறது. வயதை எண்ணுவோர் அதைப் பட்டியலில் வைப்பதுண்டு. கட்டணத்தையும் பார்த்துவிட்டு வையுங்கள்.

டி.ஏ.டி. தேர்வு எப்படிப்பட்டது? பொறியியல் படித்தவருக்கு எளிதா?

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நடத்தும் இத்தேர்வைக் கணினி மையத்தில் ஒரே நாளில் எழுத வேண்டும். இயற்கை அறிவியலில் 100 வினாக்கள் (உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30), காட்சித்திறன் பகுதியில் 90, வாசிப்பில் 50, கணிதத்தில் 40. இயற்பியல் கிடையாது; ஆனாலும் முன்தேவைப் பாடமாக அதைப் படித்தாக வேண்டும்.

கணிதம் உங்களுக்குத் தொல்லை தராது. உயிரியலின் பரப்புதான் உங்களை அலைக்கழிக்கும். தாவரத்திலிருந்து நோயெதிர்ப்பு வரை எதிலிருந்தும் கேட்பார்கள். காட்சித்திறன் பகுதியில் துளை வழியே பொருளை நுழைத்தல், கோணங்களை வரிசைப்படுத்தல், மடித்துத் துளையிட்ட தாளை மனத்துக்குள் விரித்தல், கனசதுரங்களை எண்ணுதல், தட்டையான வடிவத்தை மடித்துப் பார்த்தல் ஆகியவற்றோடு, ஒரு பொருளின் மேல், முன், பக்கத் தோற்றங்களில் இரண்டைத் தந்து மூன்றாவதைக் கேட்கும் பிரிவும் உண்டு. முதலாண்டில் ‘இன்ஜினியரிங் கிராபிக்ஸ்’ படித்த எனக்கு அது கைவந்த கலை என்று நினைத்தேன். முதல் மாதிரித் தேர்வில் பாதிக்குமேல் தவறு. நாம் இந்தியாவில் வரைந்தது முதற்கோண வீழல். அதில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். இங்கே பின்பற்றுவது மூன்றாங்கோண வீழல். மேல்தோற்றம் மேலேயே இருக்கும். பழகிய கை தானாகத் தலைகீழாகப் போகிறது. இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

மதிப்பெண் அளவுகோல் 2025 மார்ச்சில் மாறியது. முன்பு 1 முதல் 30 வரை இருந்தது, இப்போது 200 முதல் 600 வரை. ஆகவே “இருபத்திரண்டு எடுத்தால் போதும்” என்று முன்பு எழுதியவர்கள் சொல்லும் அறிவுரை இன்றைய தேர்வுக்கு உதவாது. தேர்வை மறுபடி எழுத 60 நாள் இடைவெளி வேண்டும். மூன்று முறைக்குப் பின் தனி அனுமதி பெற வேண்டும்.

பல் மருத்துவரிடம் கூடவிருந்து பார்க்கும் ‘ஷேடோயிங்’ எவ்வளவு நேரம் வேண்டும்?

கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்டாலும், 100 மணி நேரம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதில் பெரும்பகுதி பொதுப் பல் மருத்துவரிடமும், மீதி ஓரிரு சிறப்பு மருத்துவர்களிடமும் இருக்கட்டும். முதல் பத்து மணி நேரத்தை எந்தப் பாடத்திலும் பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். எச்சில், இரத்தம், துளையிடும் கருவியின் ஒலி, வலிக்கு அஞ்சி நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருக்கும் நோயாளி ஆகியவற்றைப் பார்த்து, இது நமக்கு வேண்டாம் என்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சேமித்த பணமும் காலமும் கொஞ்சமல்ல.

பரிந்துரைக் கடிதத்துக்கு எங்கே போவது? என் பேராசிரியர்கள் என்னை மறந்திருப்பார்களே?

அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஆட்சாஸில் நான்கு கடிதங்கள்வரை சேர்க்கலாம். இங்கே உங்களுக்கு அறிவியல் கற்பித்த இருவர், நீங்கள் கூடவிருந்து பார்த்த ஒரு பல் மருத்துவர், உங்கள் மேலாளர் என்பது நல்ல அமைப்பு. மேலாளரின் கடிதத்தை இருபத்திரண்டு வயதுக்காரர் எளிதில் தர முடியாது என்பதை மறவாதீர்கள். ஆசிரியர்களிடம் முதல் வாரத்திலேயே உங்கள் நோக்கத்தைச் சொல்லி, அவர்களுடைய அலுவல் நேரத்தில் போய்க் கேள்வி கேளுங்கள். ஆசிரியரிடம் தனியே போய் நிற்பதை நம்மில் பலர் குறும்பு செய்து மாட்டியவரின் வேலையாகவே பார்த்து வளர்ந்திருக்கிறோம். இங்கே அது அக்கறையுள்ள மாணவரின் அடையாளம்.

தன்னிலைக் கட்டுரையில் என்ன எழுதுவது?

இடைவெளிகளையும் சேர்த்து 4,500 எழுத்துகளே இடம். சிறுவயதில் பல் பிடுங்கியபோது அந்த மருத்துவர் சிரித்தார், அன்றே முடிவு செய்தேன் என்று தொடங்கினால், படிப்பவர் அடுத்த வரியிலேயே “பிறகேன் பத்தாண்டுகள் மென்பொருள் எழுதினீர்கள்?” என்று கேட்பார். உங்களிடம் அவர் அறிய விரும்புவது இரண்டே: முந்தைய வேலையை ஏன் விடுகிறீர்கள், உடல்நலத் துறையில் பலவிருக்கப் பல் மருத்துவம் ஏன். முதற்கேள்விக்குப் பதிலாகப் பழைய வேலையைத் திட்டாதீர்கள். அங்கே கற்றது எது உங்களை இங்கே கொண்டுவந்தது என்பதைக் குறிப்பான ஒரு நிகழ்ச்சியின் வழியே சொல்லுங்கள். கைத்திறனைப் பற்றிச் சில கல்லூரிகள் தனியே கேட்கும். புள்ளிக்கோலம், வீணை, தையல், பூத்தொடுத்தல் எல்லாம் அதற்குத் தகும். கோலத்தைப் பற்றி நான் எழுதியதை நேர்காணலில் இரண்டு கல்லூரிகள் கேட்டன.

எச்-4 விசாவில் இருக்கிறேன். படிக்கலாமா?

வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரப்படும் எச்-4இல் பகுதிநேரமாகவும் முழுநேரமாகவும் படிக்கலாம். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரைச் சேர்க்காத கல்லூரிகள் உண்டு; அரசுக் கல்லூரிகளில் இது மிகுதி. கூட்டாட்சி அரசின் கல்விக்கடனும் உங்களுக்குக் கிடையாது. தனியார் வங்கிக்கடனுக்குப் பெரும்பாலும் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ பிணை நிற்க வேண்டியிருக்கும். வாழ்க்கைத்துணையின் வேலை போனால் உங்கள் விசாவும் போகும் என்பதால், மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறும் வழியை முன்கூட்டியே வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவையுங்கள். முன்தேவைப் பாடங்களை எச்-4இல் முடித்துவிட்டு, கிரீன் கார்டு வந்த பிறகு விண்ணப்பிப்போரும் இருக்கிறார்கள். இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முடித்த பாடங்கள் பழையனவாகிவிட்டால் அவற்றை ஏற்காத கல்லூரிகளும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

செலவு எவ்வளவு?

இந்தக் கேள்வி பெரும்பாலும் கடைசியில் வருகிறது. முதலில் வந்திருக்க வேண்டியது இதுதான். தனியார் கல்லூரிகள் சிலவற்றில் கட்டணம், கருவிகள், தங்கும் செலவு எல்லாம் சேர்ந்து நான்காண்டுகளுக்கு 5 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. சொந்த மாநிலத்து அரசுக் கல்லூரியில் இது மிகவும் குறைவு.

முன்பெல்லாம் ‘கிராட் பிளஸ்’ என்ற அரசுக் கடன், கல்லூரி சொல்லும் மொத்தச் செலவுவரை கைகொடுத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அது இல்லை. பல் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்ற வரம்போடு நின்றுவிடும். 4.5 லட்சம் செலவாகும் கல்லூரியில் இடம் கிடைத்தால், மீதி இரண்டரை லட்சத்தைச் சேமிப்பிலிருந்தோ தனியார் கடனிலிருந்தோ கொண்டுவர வேண்டும். தனியார் கடனுக்கு அரசுக் கடனைப் போல வருமானத்துக்கேற்ற தவணை முறை கிடையாது. நாற்பது வயதில் பட்டம் பெற்று, சொந்தமாக ஒரு சிகிச்சை நிலையம் வாங்க இன்னொரு கடனும் எடுத்தால், ஓய்வுக்காலச் சேமிப்பு எப்போது தொடங்கும் என்று தாளில் எழுதிப் பாருங்கள்.

இராணுவத்தின் முழு உதவித்தொகைத் திட்டமும், மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் பணியாற்றுவோருக்கான தேசிய நலப்பணி உதவித்தொகையும் பெரும் சுமையைக் குறைக்கும். இரண்டும் குடிமக்களுக்கு மட்டுமே, இரண்டிலும் பின்னர்ப் பணிக்கடமை உண்டு.

என் கருத்தைக் கேட்டால்: சொந்த மாநில அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் வாய்ப்பே இல்லாத நிலையில், கையில் சேமிப்பும் இல்லாமல், 38 வயதில் இதைத் தொடங்குவது சரியாகாது. இதைச் சொன்னதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது?

வசிக்கும் மாநிலத்திலிருந்து தொடங்குங்கள். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் தம் இடங்களில் குறைந்தது 90 விழுக்காட்டை மாநிலத்தவருக்கே தருகின்றன; அவற்றுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற தனி விண்ணப்பம். வட கரோலினாவில் கிழக்கு கரோலினா பல்கலைக்கழகம் மாநிலத்தவரை மட்டுமே சேர்க்கிறது. பல் மருத்துவக் கல்லூரியே இல்லாத மாநிலங்களும் உண்டு. டி.டி.எஸ்., டி.எம்.டி. என்று பட்டப் பெயர் மாறுவதைப் பொருட்படுத்த வேண்டாம், இரண்டும் ஒன்றே.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

ஆட்சாஸ் மே மாதம் திறக்கும். ஜூன் தொடக்கத்திலிருந்து சமர்ப்பிக்கலாம். வரவர இடம் நிரப்பும் முறை என்பதால் ஜூனில் அனுப்பியவருக்கும் அக்டோபரில் அனுப்பியவருக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. இந்தியாவிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வரவழைத்து மதிப்பீடு முடிய மாதக்கணக்கில் ஆகலாம். பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய் நிற்க ஊரில் ஓர் உறவினர் இருந்தால், அவரை அதற்கு முந்தைய டிசம்பரிலேயே அனுப்பிவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கிறார்கள். சமாளிக்க முடியுமா?

முதலிரண்டு ஆண்டுகள் காலை எட்டு முதல் மாலை ஐந்துவரை வகுப்பும் மாதிரிப்பற்களில் பயிற்சியும், இரவில் படிப்பு. அடுத்த ஈராண்டுகள் நோயாளிகள். உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதற்காக அவர்களின் நேரத்தை எளிதில் மாற்ற முடியாது. முன்தேவைப் பாடங்களின்போதே வீட்டு வேலையைப் பங்கிட்டுப் பழகாத குடும்பம், பிறகு பழகிக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். எனக்கு மாமியார் ஆறு மாதம், அம்மா ஆறு மாதம் என்று வந்து உதவினார்கள்; ஒரு முறை இருவருக்குமிடையே நான்கு வாரம் இடைவெளி விழுந்தது. அந்தப் பருவத்தில்தான் என் மதிப்பெண்கள் மிகவும் குறைந்தன.

வேலையை எப்போது விடலாம்?

கல்லூரிகள் அனுமதி முடிவுகளை டிசம்பர் 15 முதல் அறிவிக்கின்றன. வகுப்புகள் அடுத்த கோடையில்தான் தொடங்கும். கடிதம் வந்து, இடத்துக்கு முன்பணம் கட்டி, கடனுக்கும் ஒப்புதல் கிடைத்த பிறகு, வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது விடுங்கள். அதற்கு முன், நிறுவனக் காப்பீட்டில் செய்துகொள்ள வேண்டிய உங்கள் சொந்தப் பல் சிகிச்சைகள் ஏதேனும் இருந்தால் அவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள்.